புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு

புதுவயல் அரிசி ஆலைக்குச் செம்மலை தர வேண்டிய பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா. அதில் ஒரு ரூபாயைக்கூட அவன் தின்றதும் இல்லை, உடுத்தியதும் இல்லை. அத்தனையும் தம்பி சோணைமுத்துவின் காலேஜ் சம்பளமாகவும் விடுதிச் சாப்பாடாகவும் காரைக்குடிக்குப் போய்ச் சேர்ந்த பணம். மூன்று வருஷமாக ஆலை முதலாளி அரசப்பன் கேட்டபோதெல்லாம் கொடுத்தார். பையன் பி.எஸ்ஸி. முடித்து வேலைக்குப் போனதும் அடைப்பது என்று பேச்சு.

1970 ஜூனில் பேப்பரில் தேறியவர்களின் நம்பர் போட்டார்கள். சோணைமுத்துவின் நம்பர் அதில் இல்லை. உடலியல் ஒரு பாடம் போய்விட்டது.

அரசப்பன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. செப்டம்பரில் மறுபடி பரீட்சை எழுதட்டும், தேறினால் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்திலேயே கொடுக்கட்டும், தேறாவிட்டால் அண்ணன் நெல் காய வைக்கிற களத்துக்கு வந்து பாக்கி தீருகிறவரை நெல் தள்ளட்டும் என்று சொல்லி, கணக்குப்பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதச் சொன்னார். செம்மலை கையெழுத்துப் போட்டான். முப்பத்து மூன்று வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் அவன். கைநாட்டு வைக்காமல் பேரெழுதுகிறோம் என்று எப்போதும் வருகிற பெருமை அன்றைக்கு வரவில்லை.

பாக்கி தீருகிறவரை என்றால், சாப்பாட்டுக்குப் போக மிச்சம் பிடித்து, இரண்டு வருஷம். களத்தில் இரண்டு வருஷம் நெல் தள்ளியவன் மறுபடி புத்தகத்தைத் தொட்டதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பன் செத்தபோது சோணைமுத்துவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து செம்மலைதான் வளர்த்தான். தன் முதுகு வெந்தது போதும், இவன் முதுகு வேகக்கூடாது என்பது ஒன்றுதான் அவன் வைத்திருந்த கணக்கு.

ஜூலை கடைசியில் சோணைமுத்து காரைக்குடியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். விலங்கியல் வாத்தியார் ஞானசம்பந்தம், தோற்றவர்களில் ஒன்பது பேரைச் சேர்த்துப் புதுவிதமாகப் படிக்க வைக்கிறாராம். வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம். செம்மலை எழுத்துக் கூட்டி வாசித்தான். 'மூளை, நரம்பு, நினைவாற்றல் குறித்த ஆய்வில்' என்றவரை வந்து நின்றுவிட்டான். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, நாளைக்குப் பார்ப்போம் என்றான்.

மறுநாள் களத்தில் கருப்பியிடம் சொன்னதுதான் தப்பாகப் போனது. கருப்பி அவனோடு பத்து வருஷமாக நெல் கிளறுகிறவள். முறைக்கு மதினி. அவள் தள்ளுபலகையை அப்படியே போட்டுவிட்டாள். அந்தக் காலேஜில் ஒரு வாத்தியார் தவளையை அறுத்துப் போட்டு அதன் நரம்பில் கரண்ட் வைக்கிறார், செத்த தவளை காலை உதறுகிறது, இப்போது பையன்களுக்கும் வைக்கப்போகிறார் என்று லாரி கிளீனர் சொன்னதை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

"எங்க அக்கா மகனுக்கு மதுரையில கொண்டுபோயி மூளைக்குக் கரண்ட் வச்சாகளே, மறந்துட்டீரா? பெத்தவ பேரு தெரியாம ஒரு மாசம் முழிச்சுக்கிட்டுக் கெடந்தான். அவனுக்காச்சும் பைத்தியம். ஒம்ம தம்பிக்கு என்ன கேடு?"

மூளைக்கு ஏதோ செய்கிறார்கள் என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையன் பிசகிவிட்டான் என்று பேர் வந்தால் வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை.

சனிக்கிழமை அரை நாள் கூலியை விட்டுவிட்டுச் செம்மலை பஸ் ஏறினான். காலேஜ் போய்ச் சேர மணி இரண்டு. விலங்கியல் கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தான். சுவரோரம் கண்ணாடிச் சாடிகளில் பாம்பும் பல்லியும் வெளுத்துக் கிடந்தன. மேசைமேல் கம்பி சுற்றிய ஒரு பெட்டி, பக்கத்தில் பாட்டரி. தரையில் பாய்விரித்து ஒன்பது பையன்கள் வரிசையாகக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். மூன்றாவது ஆள் சோணைமுத்து; கையெழுத்து வருவதற்குள்ளேயே அவனையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

செம்மலை ஓடிப்போய்த் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான். பையன் திடுக்கிட்டு எழுந்து, "என்னண்ணே?" என்றான். செம்மலை அவன் பேரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், செத்துப்போன அம்மா பேரைக் கேட்டான். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. அதற்குள் மற்ற எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டார்கள்.

மூலையிலிருந்து கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஞானசம்பந்தம் வந்தார். முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. அவர் கோபப்படாமல் விளக்கிச் சொன்னார். கரண்ட் பெட்டி தவளைக்கு மட்டுந்தான். பையன்களுக்கு வெறும் மூன்று காரியம். ஒரு மணி நேரம் படிப்பது. உடனே புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை மனதிலிருந்து தேடி எடுத்து எழுதுவது. பிறகு அதை விட்டுவிட்டு இப்படிக் கொஞ்சம் கண்ணயர்வது. மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை அதே மாதிரி மூடி வைத்துக்கொண்டு எழுதுவது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருவனும் விளக்கு வைக்கக்கூடாது. படித்தது மூளையில் பதிய நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் மேலே மேலே கொட்டினால் முன்னதும் நிற்பதில்லை, பின்னதும் நிற்பதில்லை என்று எலிகளை வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"படிச்சத ஆறவிடணும்ங்க. தூக்கத்துலதான் அது பதியிதுன்னு நெனைக்கிறாங்க. இன்னும் முடிவா யாரும் சொல்லல. ஆனா நான் நம்புறேன்."

"ஆறவிட இதென்ன கஞ்சியா சார்? தூங்குறதுக்கு எங்க வீட்டுலயே எடம் இருக்கு. படிக்கத்தான் இங்குட்டு அனுப்புனேன்."

புத்தகமெல்லாம் எங்கே என்று கேட்டான். அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பதாகச் சோணைமுத்து சொன்னான். தோற்றுப்போன பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டுப் பட்டப்பகலில் தூங்க வைக்கிற வாத்தியாரைச் செம்மலை அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. அலமாரியைத் திறக்கச் சொல்லித் தம்பியின் புத்தகங்களை எடுத்துத் துண்டில் கட்டினான். சோணைமுத்து வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. வாசலில் மட்டும் திரும்பி வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அதோடு விட்டிருந்தால் கெடுதல் ஒரு வீட்டோடு போயிருக்கும். அன்றிரவு செம்மலை காலேஜ் முதல்வருக்கு ஒரு மனு எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் மனு. அரைப்பக்கம் எழுத நாலு மணி நேரம் ஆயிற்று. 'மேல்படி வாத்தியார் மாணவர்களின் மூளையில் சோதனை செய்கிறார், புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், கரண்ட் பெட்டி வைத்திருக்கிறார்' என்று எழுதினான். மூன்றும் தனித்தனியே பொய்யில்லை. கரண்ட் பையன்களுக்கு இல்லை என்று அவர் சொன்னதை எழுத இடம் இல்லாமல் போனது. இடம் இருந்தாலும் எழுதியிருப்பானா என்பது வேறு விஷயம்.

பிறகு தன் வழியில் தம்பியைப் படிக்க வைத்தான். ஆலைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் விடிய விடிய அரிக்கேன் எரிந்தது. சோணைமுத்து சத்தமாக வாசிக்க வேண்டும். சத்தம் நின்றால் செம்மலை தொண்டையைக் கனைப்பான். தலை தொங்கினால் செம்பிலிருந்த தண்ணீரைத் தெளிப்பான். ஒருநாளைக்கு நாற்பது பக்கம், ஐம்பது பக்கம். முடித்த பக்கங்களுக்கு அடையாளமாகச் செம்மலை தென்னங்குச்சியைச் செருகி வைத்தான். குச்சி நகர நகர அவனுக்கு மனது ஆறியது. தம்பிக்குக் கண்ணடியில் கருப்புக் கட்டிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து நாள் இப்படிப் போயிற்று.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி. அவித்த நெல் முப்பது மூட்டை களத்தில் விரிந்திருந்தது. அவித்த நெல்லை ஒரே மூச்சில் காய வைக்கக்கூடாது. காலை வெயிலில் முக்கால் பதம் காய்ந்ததும் கூட்டி அம்பாரமாகக் குவித்து, சாக்குப் போட்டு மூடி, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு விரித்து மிச்ச ஈரத்தைக் காய வைக்க வேண்டும். களத்து வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே இதுதான். அன்றைக்கு அந்தக் களம் செம்மலையின் பொறுப்பு. கருப்பி அடுத்த நெல்லைத் தொட்டியில் ஊறப்போடப் போயிருந்தாள். பதினோரு மணிக்குச் சாக்கு அடுக்கில் சாய்ந்து கண்ணை ஒரு நிமிஷம் மூடினான். திறந்தபோது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. பதறி ஓடி நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தான். நன்றாகத்தான் காய்ந்திருந்தது, கலகலவென்று சத்தம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் மூட்டை பிடித்து அரவைக்கு அனுப்பினான்.

மெஷினில் முழு அரிசி வரவில்லை, நொறுங்கிய குருணைதான் வந்தது. கணக்குப்பிள்ளை ஒரு கை அள்ளிக்கொண்டுபோய் முதலாளி மேசைமேல் வைத்தார். அரசப்பன் அதை விரலால் பரப்பிப் பார்த்தார்.

"ஒரே வெயில்ல காய விட்டியா?"

செம்மலை ஆமென்று தலையை ஆட்டினான். எழுபத்தொரு ரூபாய் நட்டம் என்று கணக்குப்பிள்ளை கூட்டிச் சொன்னார். பாக்கி நானூற்று எண்பத்து மூன்று ரூபாய் ஐம்பது பைசா ஆனது.

வெளியே வந்தால் கருப்பி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "மேல காஞ்சிருக்கும், உள்ளுக்குள்ள ஈரம் நிக்கும், ஆறவிடாமப் போட்டு வாட்டுனா நடுவுல விரிசல் விட்டுரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே நீருதான் கொழுந்தனாரே. இப்ப ஒமக்கே யாராச்சும் சொல்லிக் குடுக்கணும் போல. போயி மூஞ்சியக் கழுவும். அண்ணன் தம்பி ரெண்டு பேரு மொகமும் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கு."

அவள் வாய்த்துடுக்குக்குச் சொன்னதுதான். செம்மலை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆறவிடணும்ங்க என்று அந்த வாத்தியார் சொன்ன குரல் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நேரே வீட்டுக்குப் போனான். சோணைமுத்து உடலியல் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். செம்மலை அதை வாங்கி மூடினான். முதல் வாரம் குச்சி வைத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, சொல்லு என்றான். பையன் வாயைத் திறந்தான். நாலு சொல் இங்கிலீஷில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. போன வாரத்துப் பக்கத்தைக் கேட்டான். நேற்று வாசித்ததைக் கேட்டான். சோணைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"புத்தகம் தொறந்திருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்குண்ணே. மூடுனா ஒண்ணுமே இல்ல."

"இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கலையே."

பரீட்சைக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாகக் காரைக்குடிக்குப் போனார்கள். விலங்கியல் கூடத்தில் பாய் இல்லை, பையன்களும் இல்லை. ஞானசம்பந்தம் தனியாகச் சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனு வந்த மறுநாளே முதல்வர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை கொடுத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமாகும் உத்தரவு இந்த மாதம் வந்திருக்க வேண்டும், அதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பையன்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். இதையெல்லாம் அவர் துணியைக் கீழே வைக்காமலே சொன்னார். செம்மலைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

முதல்வர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான். உள்ளே போனதும், தான் எழுதியது தப்பு, நேரில் பார்த்தபோது கரண்ட் எதுவும் வைக்கவில்லை, வாத்தியார் நல்லதுதான் செய்தார் என்று சொன்னான். முதல்வர் அவனுடைய மனுவை எடுத்து முன்னால் போட்டார்.

"இது எழுத்து. நீங்க இப்ப சொல்றது வாய்ப்பேச்சு."

அங்கேயே ஒரு தாள் வாங்கி, மேசை ஓரத்தில் நின்றபடி எழுதினான். முதல்வரும் குமாஸ்தாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'முன்பு எழுதியது நான் கேள்விப்பட்டது. இப்போது எழுதுவது நான் கண்டது' என்று ஆரம்பித்தான். விரல் வேர்த்து மை தீற்றிக்கொண்டது. அவர் வாங்கிப் படித்துவிட்டு, வாத்தியார் தரும் விளக்கக் கடிதத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் காலேஜ் கட்டடத்துக்குள் இனி இந்தத் தூக்கப் பாடம் நடக்காது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அதில் தான் தலையிடப்போவதில்லை என்றார்.

வெளியே என்றால் எங்கே? செம்மலைக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். சாயங்காலம் அரசப்பன் முன்னால் போய் நின்று, ஆலையின் சாக்குக் கொட்டகையைப் பரீட்சை வரைக்கும் கேட்டான். முப்பது மூட்டை நெல்லை நொறுக்கியவன் மறுநாளே வந்து கொட்டகை கேட்கிறான் என்று கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அரசப்பன் சிரிக்கவில்லை. கொட்டகை தருகிறேன், ஆனால் பையன் தேறாவிட்டால் பாக்கிக்கு இரண்டு வருஷம், கொட்டகைக்கு ஒரு வருஷம், ஆக மூன்று வருஷம் களத்தில் நிற்க வேண்டும் என்றார். செம்மலை தம்பியைத் திரும்பிப் பார்த்தான். "சரின்னு சொல்லுண்ணே" என்றான் சோணைமுத்து.

ஒன்பது பேரில் சோணைமுத்துவோடு சேர்த்து ஐந்து பேர்தான் வந்து தங்கினார்கள். வாத்தியார் சனி ஞாயிறுகளில் சைக்கிளில் வந்தார். மற்ற நாளுக்கு ஒரு ஆள் வேண்டும், கேள்வி கேட்க. அவர் பாடம் முழுவதையும் இருநூறு கேள்வியாகப் பிரித்து, அட்டைகளில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதிச் செம்மலையிடம் கொடுத்தார். தனக்கு ஒரு எழவும் தெரியாதே, பதில் இங்கிலீஷில் வந்தால் சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது என்று செம்மலை கேட்டான்.

"அதாங்க வேணும். எனக்குப் பாடம் தெரியும். தப்பா ஆரம்பிச்சா என் மொகம் மாறிரும், அதப் பாத்துப் பசங்க திருத்திக்குவாங்க. ஒங்க மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. அவங்களா தேடித்தான் எடுக்கணும். சொல்லி முடிச்ச பெறகு புத்தகத்தத் தொறந்து அவங்களே சரிபாக்கட்டும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். பதில் வரலைன்னா அவசரப்பட்டுப் புத்தகத்தக் குடுத்துராதீங்க."

அது சுலபம் என்று செம்மலை நினைத்தான். நெல் தள்ளுவதைவிடக் கஷ்டம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. காலையில் ஒரு மணி நேரமும் அந்திக்கு ஒரு மணி நேரமும் அவன் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கேள்வியை வாசிப்பான். அவன் 'சி-று-நீ-ர-க-த்-தி-ன்' என்று இழுத்து முடிப்பதற்குள் பையன்கள் பாதிப் பதிலைத் தேடிவிடுவார்கள். சரியாக வந்த அட்டையை மூன்று நாள் தள்ளிப் போடுவான், வராத அட்டையை மறுநாளைக்கு வைப்பான். புத்தகங்கள் அவன் தொடைக்கடியில் இருக்கும். பத்து மணிக்கு விளக்கை ஊதி அணைத்துவிடுவான். அணைத்துவிட்டு இருட்டில் அவன்தான் தூங்காமல் புரண்டான். இதுவும் தப்பாகப் போனால் மூன்று வருஷம். முதலில் கெடுத்த இருபத்தைந்து நாளும் தன் தலையில்தான் விடியும்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம். அன்று மின்சாரம் நின்றுபோய் அரவை இல்லாததால், நெல்லைக் களத்தில் விரித்துவிட்டுக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். செம்மலை ஒரு அட்டையை எடுத்தான். ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி எப்படித் தாண்டுகிறது என்பது கேள்வி. போன முறையும் அதற்கு முந்தின முறையும் சோணைமுத்து விழுந்த கேள்வி அது. ஏப்ரலில் பதினைந்து மார்க்குக்கு வந்து அவனைக் கவிழ்த்ததும் அதுதான்.

சோணைமுத்து ஆரம்பித்தான், இரண்டு வாக்கியம் சொன்னான், நின்றான். ஒரு சொல் மாட்டவில்லை. அது இல்லாமல் அடுத்தது நகராது. மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். சோணைமுத்துவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அண்ணே, ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன். முதல் எழுத்து மட்டும்."

செம்மலையின் கை தானாகத் தொடைக்கடியில் போயிற்று. புத்தகத்தின் அட்டை விரலில் பட்டது. பதினைந்து வருஷமாக அந்தக் கை தம்பி கேட்டதை மறுத்ததில்லை.

"தேடு."

"வரலண்ணே."

"வரும். இரு."

"ஆறே நாளுதான் இருக்கு. பரீட்சையிலயும் இப்படித்தான் நிக்கப்போறேன். எனக்குக் களந்தான் எழுதியிருக்கு."

செம்மலை புத்தகத்தின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் வெளியே கருப்பி கூப்பாடு போட்டாள். சாக்கோட்டைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டு வருகிறது, களத்தில் நாற்பது மூட்டை விரிந்து கிடக்கிறது. செம்மலை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான். ஐந்து பையன்களும் பின்னால் ஓடினார்கள். கிடைத்த பலகையை எடுத்து ஆளுக்கொரு மூலையிலிருந்து நெல்லை நடுவே தள்ளினார்கள். பி.எஸ்ஸி.காரர்களுக்குப் பலகை பிடிக்கத் தெரியவில்லை என்று கருப்பி அந்த அவசரத்திலும் வைதாள். காற்று தூசியை வாரி அடித்தது. முதல் துளி செம்மலையின் கழுத்தில் விழுந்தது.

சோணைமுத்து பாதிக் களத்தில் அப்படியே நின்றுவிட்டான். பலகை கையில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான். அதற்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று என்று இங்கிலீஷில் விடாமல் கொட்டினான். செல்லின் முனையில் சிறு பைகள் உடைவதையும், அதிலுள்ள சாறு இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லைத் தொடுவதையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். செம்மலைக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றப் பையன்களின் முகம் விரிவதைப் பார்த்துத்தான் சரியென்று தெரிந்துகொண்டான்.

"நெல்லத் தள்ளிக்கிட்டே சொல்லுடா" என்று கத்தினான். அப்படிக் கத்தும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. முக்கால்வாசி நெல்லைச் சாக்குக்கடியில் சேர்த்துவிட்டார்கள். கொஞ்சம் நனைந்தது. அரசப்பன் குடையோடு வந்து பார்த்துவிட்டு, பையன்கள் வந்து நின்றதால் அதைக் கணக்கில் ஏற்ற வேண்டாம் என்றார்.

செப்டம்பர் இருபத்தொன்பதில் பரீட்சை. அன்று செம்மலை வேலைக்குத்தான் போனான். களத்தில் நின்றுகொண்டு மணி கேட்டுக் கேட்டுக் கணக்குப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினான். சாயங்காலம் சோணைமுத்து வந்து, அந்தக் கேள்வி வரவே இல்லை என்றான். வேறு கேள்விகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் நின்று தேடி எழுதினேன், இரண்டு கேள்விக்குத் தேடியும் கிடைக்கவில்லை என்றான் தம்பி. தேறுமா தேறாதா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஏழு வாரம் அந்தத் தெரியாமையோடு இருந்தார்கள். நவம்பரில் ஒரு காலை, ஞானசம்பந்தம் பேப்பரோடு சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் வேலை அந்த மாதந்தான் நிரந்தரமாகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, பின்னால் வேறு பையன் சொல்லித்தான் தெரிந்தது. பேப்பரைச் செம்மலையிடமே கொடுத்து நம்பரைத் தேடச் சொன்னார். சின்ன எழுத்து. வரிசை வரிசையாக விரல் வைத்து இறங்கினான். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு, நம்பர் இல்லை என்று நினைத்து, மறுபடி மேலிருந்து வந்தான். இருந்தது.

கொட்டகைக்கு வந்த ஐவரில் மூன்று பேர் தேறினார்கள். வராத நால்வரில் ஒருவன் தேறினான். மிச்ச மூவரும் தன் மனுவால் போனவர்களா, இல்லை எப்படியும் போயிருப்பார்களா என்று செம்மலை வாத்தியாரைக் கேட்டான். அது யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னார். ஆறுதலுக்குக்கூட வேறு மாதிரி சொல்லவில்லை. அவர்கள் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு, மறு ஞாயிறு, சோணைமுத்து படியெடுத்துத் தந்த அட்டைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு செம்மலை புறப்பட்டான். இருவர் வாங்கிக்கொண்டார்கள். கல்லல் ஊரில் ஒருவன் வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

சோணைமுத்து ஜனவரியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சோதனைக்கூட உதவியாளனாகச் சேர்ந்தான். மாதா மாதம் அறுபது ரூபாய் கொண்டுவந்து செம்மலை கையில் கொடுப்பான். செம்மலை அதை எண்ணாமல் கணக்குப்பிள்ளையிடம் கொடுப்பான். ஏழு மாதம் அப்படிப் போனது. எட்டாம் மாதம், 1971 ஆகஸ்டில், அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஆலைக்குப் போனார்கள். சோணைமுத்து அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது பைசாவை மேசைமேல் வைத்தான்.

அரசப்பன் தன் மகன் பி.யூ.சி.யில் இரண்டாம் தடவையாகக் கணக்கில் விழுந்திருப்பதைச் சொல்லி, அந்த வாத்தியார் இன்னும் வருவாரா என்று விசாரித்தார். சாக்குக் கொட்டகையில்தான் உட்கார வேண்டும், பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம், சம்மதமா என்று செம்மலை கேட்டான். முதலாளி சிரித்துவிட்டு ஏட்டைத் திறக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளை செம்மலையின் பேருக்கு நேரே பற்று நானூற்று எண்பத்து மூன்று ஐம்பது, வரவு நானூற்று எண்பத்து மூன்று ஐம்பது என்று எழுதி, குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். ஜூனில் எழுதி வாங்கின தாளையும் தேடி எடுத்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.